லைல் தொப்பியைத் தொட்டான்

சூடாக இருக்கும்போதே குடித்துவிடுங்கள். ஆறிவிட்டால் இந்த ஸ்டேஷன் காபியை மனுஷன் குடிக்க முடியாது. சர்க்கரை அந்த பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஸ்பூன் கிடையாது, பென்சிலால் கலக்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

நீங்கள் தந்திக்கார ஹோபர்ட்டைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது, மிஸ்டர் மெர்ல் ஹாக்கன். தம்பியைப் புதைத்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. டகோட்டாவில் பாதி அறுவடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் கடமை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன், நடுவில் குறுக்கே பேசாதீர்கள். பேசுவது என் தொழில். யாராவது நிறுத்தினால் எனக்குக் கோர்வை அறுந்துவிடும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்த அறைதான் மைதானம். நம் ஊர் பேஸ்பால் அணி, இந்தக் கார்வர் அணி, வெளியூரில் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆள் அனுப்பி ஒலிபரப்ப இந்த ஸ்டேஷனுக்கு வசதி ஏது? அந்த ஊர் மைதானத்தில் ஒருவன் உட்கார்ந்து தந்தி அடிப்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹோபர்ட் அதைக் காதில் வாங்கி, தட்டச்சு செய்து, இந்த இடுக்கு வழியாகச் சீட்டைத் தள்ளுவார். ‘ஹாக்கன். ஸ்ட்ரைக்.’ ஒரு பந்தைத் தவறவிட்டான், அவ்வளவுதான் இருக்கும். மீதியெல்லாம் நான். வெயில், காற்று, வேலிமேல் ஏறி நிற்கும் பையன்கள், பந்து வீசுகிறவன் நெற்றியைத் துடைப்பது, எல்லாமே என் வாயிலிருந்து வந்ததுதான்.

நூலில் தொங்குகிறதே அந்த மரக்கட்டை, அதைக் குச்சியால் தட்டினால் மட்டையில் பந்து படுகிற சத்தம். கூட்டத்தின் இரைச்சலுக்கு ஒரு கிராமபோன் தட்டு. அது முடியப்போகும் இடத்தில் ஒருவன் இருமுவான். எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் தவறாமல் வந்து இருமிவிட்டுப் போவான். அவனுக்கு நான் கஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஹோபர்ட் கண்ணாடிக்கு அப்பால். முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே ஞாயிறு பகல் முழுவதும் எனக்குத் துணை கஸ்தான். சிரித்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

தந்தி அடிக்கடி நின்றுவிடும். எங்கோ கம்பி அறுந்திருக்கும், அல்லது அந்தப் பக்கத்து ஆள் எழுந்து போயிருப்பான். அப்போது மட்டை பிடித்திருப்பவனை ஃபவுல் அடிக்க வைப்போம். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பந்து கோட்டுக்கு வெளியே போனால் கணக்கில் சேராது. எத்தனை முறை போனாலும் ஆட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். தந்தி மறுபடி பேசும்வரை ஃபவுல், ஃபவுல் என்று ஓட்ட வேண்டியதுதான். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவன் கிடையாது. இது பொய் இல்லை, காத்திருப்பது.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். உங்கள் தம்பி பெண்டாட்டி ஆர்டிஸுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்த கையோடு நான் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன் என்றால் நான் வெளியூரில் இல்லை என்பது தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் நம்பினாள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

உங்கள் தம்பி லைல் இந்தப் படியேறி வந்தது ஜூன் மாதத்தில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. கால் நீளம் அல்லவா, முட்டி மேஜையில் இடித்துக்கொண்டே இருந்தது.

“மிஸ்டர் கிம்பிள், எனக்கு ஒரு உதவி பண்ணணும். நான் வெளியூர் போனா ஆர்டிஸ் ரேடியோவை விட்டு நகர்றதே இல்ல. மாசமா வேற இருக்காளா, எதுக்கெடுத்தாலும் பயம். போன வாரம் நீங்க எம்பேரைச் சொல்லக் கொஞ்சம் லேட்டாயிடுச்சாம். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதுட்டாளாம்.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நான் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் தொப்பியைத் தொட்டேன்னு சொல்லிடுங்க. அது எங்களுக்குள்ள ஒரு பேச்சு. நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

“நீ தொட்டியா இல்லையான்னு தந்தியில வராதேப்பா.”

“அட, நான் தொட்டா என்ன, தொடாட்டி என்ன? நீங்க சொன்னா அவ நிம்மதியா இருப்பா. அதுதானே வேணும்?”

இதை அவனே சொன்னான். தொடாவிட்டாலும் சொல்லுங்கள் என்று. என்னைக் குற்றம் சொல்கிறவர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னான். “ஆட்டம் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்களேன். சாப்பாடு போடச் சொல்றேன். தெனமும் ஓட்டல்ல தனியா உக்காந்து அந்த பீன்ஸையே எப்படித்தான் திங்கிறீங்களோ.”

நான் தனியாகச் சாப்பிடுவதை அவன் கவனித்திருக்கிறான். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

மைக் இருந்தால் இந்த ஜில்லாவே நான் சொல்வதைக் கேட்கும். மைக் இல்லாமல் பேசினால் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நீங்களும் இப்போதுதான் பார்த்தீர்கள், பரவாயில்லை. ஆர்டிஸ் பார்க்க மாட்டாள். கதவைத் திறந்ததும், “வாங்க, வாங்க, ஆறிப்போகுது” என்பாள். தட்டு தயாராக இருக்கும். லைலின் நாற்காலியையே எனக்கு இழுத்துப் போடுவாள். பிறகு கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, “இப்ப சொல்லுங்க” என்பாள். ரேடியோவில் கேட்டதையே மறுபடி முழுக்கச் சொல்ல வேண்டும். தொப்பியை இடது கையால் தொட்டானா, வலது கையால் தொட்டானா என்றெல்லாம் கேட்பாள். நான் சொல்வேன்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். “எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருமுறானே, அவனுக்கு வேலைவெட்டியே கிடையாதா? யாராவது மருந்து வாங்கிக் கொடுக்கக்கூடாதா பாவம்?”

கஸ்ஸை என்னைத் தவிர வேறு யாரும் கவனித்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், அவளிடம் எனக்கு வேறு எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. நான் பேசியதை அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம், டன்மோரில். ஜெயித்தால் முதலிடத்தில் இருப்பவர்களோடு சமம். தெருவில் ஒரு கார்கூட ஓடவில்லை. திறந்திருந்த ஜன்னல் எல்லாவற்றிலும் என் குரல் கேட்டிருக்கும். நானும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் லைலின் முறை வந்தது. “இதோ வருகிறான் லைல் ஹாக்கன். தொப்பியைத் தொடுகிறான்” என்றேன். இரண்டு ஸ்ட்ரைக் ஆனது. அடுத்த சீட்டு வந்தது. ‘ஹாக்கன். பந்து நெற்றிப்பொட்டில். விழுந்தான்.’

அதற்குப் பிறகு சீட்டு வரவில்லை.

நான் குச்சியை எடுத்துக் கட்டையைத் தட்டினேன். “ஃபவுல்” என்றேன். மறுபடி தட்டினேன். பந்து வலது பக்க வேலியைத் தாண்டிப் போனது. இன்னொன்று பின்பக்க வலையில் பட்டது. இன்னொன்றை ஒரு கிழவர் தன் வைக்கோல் தொப்பியில் பிடித்தார். நான் முடிவு எதுவும் எடுத்திருக்கவில்லை. காத்திருந்தேன். லைல் அங்கே புல்தரையில் கிடந்தான். இங்கே கால்களை ஊன்றி நின்று ஒவ்வொரு பந்தாக வெளியே தட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு இரண்டு சீட்டுகள் சேர்ந்தாற்போல் வந்தன. முதலாவது: ‘ஹாக்கனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். மோசம். அவனுக்குப் பதிலாக பிட்ஸ் ஓடுகிறான்.’ இரண்டாவது அணியின் மேனேஜர் அனுப்பியது: ‘மனைவியைக் கேட்கிறான். ரேடியோவில் சொல்லி உடனே அனுப்புங்கள்.’

ஆர்டிஸ் வீட்டில் டெலிபோன் இல்லை. அவளுக்குச் சேதி சேர மிக வேகமான வழி நான்தான். அந்த மேனேஜர் விவரமான ஆள். அவள் ரேடியோ முன்னால் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். டன்மோர் காரில் இரண்டு மணி நேரம். காதில் விழுந்திருந்தால், கார் வைத்திருக்கும் ஒவ்வொருவனும் அவள் வாசலில் வந்து நின்றிருப்பான். இதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டு நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

பந்து உடம்பில் பட்டவன் முதல் பேஸில், அதாவது ஓட்டத்தின் முதல் கட்டத்தில், சும்மா போய் நிற்கலாம். “லைல் கடைசியில் முதல் பேஸுக்கு வந்துவிட்டான்” என்று சொல்லிவிட்டு சோப்பு விளம்பரத் தட்டைப் போட்டேன். வெளியே போனேன். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. சுவரில் டெலிபோன் இருந்தது. ஆர்டிஸின் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் எண் எனக்கு மனப்பாடம். ஆட்டம் நேரமாகிவிட்டால் அங்கே சொல்லிவைப்பேன். டெலிபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடிப்படியில் வெயில் விழுந்திருந்தது. விளம்பரப் பாட்டு முடியப்போகிற இடம் கேட்டதும் உள்ளே வந்து இன்னொரு விளம்பரத் தட்டைப் போட்டேன்.

ஹோபர்ட் எழுந்து வந்து கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

“சொல்லிட்டியாப்பா? அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டுல்ல இருக்கும்?”

“ரேடியோவுலயா சொல்றது? வயித்துப் பிள்ளைக்காரி, தனியா உக்காந்திருக்கா. திடுக்குன்னு காதுல விழுந்தா என்ன ஆகும்? முதலாளிக்குப் போன் பண்ணிட்டேன். அவரே காரை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு, பக்குவமாச் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போவாரு.”

“அதுவும் சரிதான். எனக்கு அந்தப் புத்தி வரலை பாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டன்மோருக்கு என்னன்னு பதில் அடிக்க?”

“மனைவி புறப்பட்டாச்சுன்னு அடிங்க.”

அவர் அடித்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கண்ணாடி தடிமனானது. காதில் தந்திக் கருவியையும் மாட்டியிருப்பார். நான் வாயசைப்பது தெரியுமே தவிர என்ன சொல்கிறேன் என்று தெரியாது. அதன் பிறகும் லைல் ஆடிக்கொண்டிருந்தது அவருக்கு நீங்கள் போய்க் கேட்கும்வரை தெரியாது.

ஆமாம், ஆடினான். அவனுக்குப் பதிலாக இறங்கிய பிட்ஸ் ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறினான். நான் அதை லைல் பெயரில் சொன்னேன், தொப்பியை மட்டும் விட்டுவிட்டேன். எட்டாவதில் பிட்ஸ் முதல் பேஸ்வரை ஒரு அடி அடித்தான். அதை நான் இரண்டாம் பேஸ்வரை நீட்டினேன். கடைசி ஆட்டமாயிற்றே, அவளுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று தோன்றியது. லைல் புழுதி பறக்கச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தான். எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டான். தொப்பியைத் தொட்டான். அடுத்து வந்தவர்கள் அவுட் ஆகிவிட்டதால் அவன் அங்கேயே நின்றுவிட்டான். நாம் ஒரு ரன்னில் தோற்றோம். ஸ்கோரில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் லைல் நினைவோடுதான் இருந்திருக்கிறான். மேனேஜர் சவ அடக்கத்தில் உங்களிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றேன். “வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். புறப்பட்டாச்சுடா, இதோ வந்துருவான்னு சொன்னோம். கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்” என்றார். அவர் அழுதார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? அந்தப் பகல் முழுக்க அவள் அவன் ஆடுகிறான் என்று சந்தோஷமாக இருந்தாள். அவன் அவள் வருகிறாள் என்று சந்தோஷமாக இருந்தான். ஊரே ஆட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தது. உண்மை தெரிந்து அதைத் தனியாகச் சுமந்தவன் நான் ஒருவன்தான். இதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஆர்டிஸ் வீட்டுக்குப் போனேன். நீங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

“வாங்க, வாங்க. தோத்துட்டாங்களே” என்றாள். முகத்தில் தோல்வி எதுவும் இல்லை. கோழி வறுத்திருந்தாள், சோளம் வேகவைத்திருந்தாள். கடைசி ஆட்டம் என்பதால் பீச் பழம் வைத்து ஒரு கேக்கும் சுட்டிருந்தாள். லைலின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“மூணாவது இன்னிங்ஸ்ல என் உசுரே போயிடுச்சு தெரியுமா? ஃபவுல் மேல ஃபவுல். ஏதோ நடந்துருச்சு, நீங்க மறைக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“மறைக்க என்ன இருக்கு?”

“இல்ல, கம்பி அறுந்தா ஃபவுல்தானே அடிப்பீங்கன்னு லைல் சொல்லியிருக்கான். அப்புறம் எட்டாவதுல தொப்பியைத் தொட்டான்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் மூச்சு வந்துச்சு. இப்ப சொல்லுங்க. ஆரம்பத்துலேருந்து.”

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஃபவுல்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொப்பியில் பந்து பிடித்த கிழவரைச் சொன்னபோது கைதட்டிச் சிரித்தாள். வயிற்றில் குழந்தை உதைக்கிறது, அப்பா அடித்த அடிக்குக் குஷி என்றாள். அவ்வளவு நன்றாக நான் எந்த ஆட்டத்தையும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் நேரத்தை வைத்துப் பார்த்தால், லைல் போனபோது நாங்கள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தோம். அவனுக்கென்று பெரிய துண்டாக ஒன்றைத் தனியாக எடுத்து மூடிவைத்தாள்.

நான் விடைபெற்றுத் தெரு முனைக்கு வரும்போது பாதிரியார் எதிரே வேகமாக வந்தார். யாரோ டன்மோரிலிருந்து அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். எங்கே போகிறார் என்று கேட்கவில்லை. குட் ஈவ்னிங் சொன்னேன், அவரும் சொன்னார். ஓட்டல் அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆர்டிஸ் என்னைக் கேட்டபோது தந்தி அறுந்துவிட்டது, எனக்கே எதுவும் தெரியாது, கேட்டவர்கள் ஏமாறக்கூடாதே என்று நானாக ஆட்டத்தை ஓட்டினேன் என்றேன். மேனேஜர் கேட்டபோது முதலாளியின் கார் வழியில் நின்றுவிட்டது என்றேன். அந்த இருவரும் உங்களிடம் பேசியிருக்கிறார்கள். இரண்டு கதையும் ஒட்டவில்லை என்று நீங்கள் ஹோபர்ட்டிடம் போனீர்கள். அவசரத்தில் சொன்னது, அவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று நினைத்தேன், அது ஒரு காரணம். ஊர் பூராவும் கேட்கும் ஆட்டத்தை நடுவில் நிறுத்தக்கூடாது, அது இன்னொன்று. தொடாவிட்டாலும் சொல்லுங்கள் என்று லைலே கேட்டுக்கொண்டது மூன்றாவது. மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் தாழ்வாரத்தில் அந்த டெலிபோன் முன்னால் நின்றபோது இதில் ஒன்றைக்கூட நான் நினைக்கவில்லை. இன்றைக்குக் கடைசி ஆட்டம் என்று நினைத்தேன். சேதியைச் சொன்னால் அவள் புறப்பட்டுப் போய்விடுவாள். சாப்பாடு இருக்காது, இப்ப சொல்லுங்க என்று கேட்க ஆள் இருக்காது. இனி அடுத்த வசந்தம்வரை எனக்கு பீன்ஸும் கஸ்ஸும்தான். உங்கள் தம்பி தன் பெண்டாட்டியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறைகூடப் பார்க்காமல் சாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான், ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்காகத்தான், நான் அதைச் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

நீங்கள் இங்கிருந்து நேராக அவளிடம்தான் போவீர்கள். போங்கள், நான் தடுக்கப்போவதில்லை. எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஒன்றையும் விடாதீர்கள். அவளுக்கு எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், நடுவில் தொடங்கினால் பிடிக்காது. சொல்லி முடித்த பிறகு, அவள் கொஞ்சம் ஆறட்டும், அப்புறமாக ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட வரலாமா என்று.